தனித்தட்டு

தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் சேரன்மகாதேவிக்கு ஓர் இடம் கிடைத்தது சாப்பாட்டுக் கூடம் ஒன்றால். வ.வே.சு. அய்யர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் இந்த ஊரில்தான் நடந்தது. லண்டனில் சட்டம் படித்தவர், புரட்சிக்காரர்களோடு பழகியவர், கம்பனில் தோய்ந்தவர் தம் கடைசிக் கனவாக எடுத்துக்கொண்ட பள்ளி அது. தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, முதலில் ஐயாயிரத்தைக் கொடுத்திருந்தது. அங்கே பிராமணப் பையன்கள் இருவருக்கு மட்டும் தனியே சாப்பாடு போட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் அப்போது காங்கிரஸில் இருந்த டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. இரண்டே பையன்கள்தானே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றும் சொல்லப்பட்டது. 1925 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தி, அந்த இருவர் மட்டில் வாக்கைக் காப்பாற்றிவிட்டு, இனிமேல் இப்படி யாரையும் சேர்க்க வேண்டாம் என்று நடுவழி ஒன்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அய்யர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசத்தில் அருவி நீரில் சிக்கிய மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் மாண்டார். நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து வெளியேறிய பெரியார் காங்கிரஸுக்குத் திரும்பவேயில்லை.

காய்ச்சலைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதை ஏன் எடுத்தேன் என்றால், ஒரு பல்கலைக்கழகம் காய்ச்சல் காலத்தில் வெளியிடும் சுற்றறிக்கையும் ஏறக்குறைய இதே கட்டளையைத்தான் இடுகிறது. காய்ச்சல் கண்டவர் உணவுக் கூடத்துக்கு வரக் கூடாது. தனி அறையில் இருக்க வேண்டும். தட்டும் டம்ளரும் தனி. சாப்பாடு கதவருகே வரும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் தாமிரபரணிக் கரையில் காய்ச்சல் வருவது புதிதல்ல. சேரன்மகாதேவி, பத்தமடை, வீரவநல்லூர், முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகள் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் உள்ளூர்ப் பொறியியல் கல்லூரியிலும் படிக்கிறார்கள். தனியே உண்ணச் சொல்வது அநீதி என்று ஊரறியத் தீர்ப்பான மண்ணில் அந்தப் பிள்ளைகளிடம் தனியே உண்ணச் சொல்கிறோம். எப்போது இது அறமாகிறது? மருத்துவர் சொல்லும் விடை மட்டும் இதற்குப் போதாது என்பது என் எண்ணம். ஆனால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்ஃப்ளூயன்சா இருமலிலும் தும்மலிலும் பேச்சிலும் தெறிக்கும் நுண்துளிகளால் பரவுகிறது. மூக்கைத் துடைத்த கை கதவுப் பிடியைத் தொட்டு, அதைத் தொட்ட இன்னொரு கை முகத்துக்குப் போவதாலும் கொஞ்சம் பரவுகிறது. கிருமி உள்ளே போன ஒன்று முதல் நான்கு நாளுக்குள் காய்ச்சல் தெரியும். நோயாளி தமக்கு நோய் என்று அறிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். அதன் பிறகும் ஐந்து முதல் ஏழு நாள்வரை அது தொடரும். இருபது வயது உடம்புக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துச் சங்கடம். கருவுற்ற பெண்ணுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் முதியவருக்கும் ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவருக்கும் அது உயிர்ப் பிரச்சினையாகலாம். ஒசெல்டாமிவிர் என்ற மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2012-இல் கடையநல்லூரையும் சுற்று ஊர்களையும் டெங்கு எப்படி ஆட்டியது என்று அறிந்தவர்கள், மழைக்காலக் காய்ச்சல் எதையும் வெறும் தடுமம் என்று விட மாட்டார்கள். இரத்தப் பரிசோதனை செய்யாமல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவும் மாட்டார்கள்.

ஆக, நோயாளி சில நாள் விலகி இருந்தால் அவரால் பிறர் நோயுறுவது குறைகிறது. இதில் தகராறு இல்லை. தகராறு வேறு இடத்தில் வருகிறது. 2020-இல் நோய்த்தொற்றைக் காட்டி ஒரு பேச்சு கிளம்பியது. தொடாமல் கும்பிடுவதும் தள்ளி நிற்பதும் தனிப் பாத்திரமும் நம் முன்னோர் கண்ட சுகாதாரம், அதைத் தீட்டு என்று பழித்தோம், இன்று உலகமே அதற்குத் திரும்பிவிட்டது என்று படித்தவர்களே கைப்பேசியில் சுற்றவிட்டார்கள். கேட்பதற்கு அறிவியல் போலவே இருக்கும். ஆனால் எந்தத் தீட்டு எப்போது முடிந்தது என்று கேட்டுப் பார்த்தால் போதும், வேடம் கலைந்துவிடும். காய்ச்சல்காரனின் விலகல் காய்ச்சலோடு முடிகிறது. பிறப்பால் தள்ளப்பட்டவனுக்கு அது பாடையிலும் முடியவில்லை, சுடுகாடு வரை தொடர்ந்தது. கிருமியோ வேற்றார் பக்கமிருந்து வருவதைவிட ஒரே அறையில் படுத்து ஒரே குவளையில் குடிக்கும் நம்மவரிடமிருந்து வருவதே அதிகம். சாதி ஒதுக்கம் சுகாதாரத்துக்காக ஏற்பட்டதென்றால், முதலில் சொந்தக்காரர்களைத்தான் விலக்கியிருக்க வேண்டும்.

உண்மையான முன்னோர் அறிவு வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் நிலையில் வேப்பிலை செருகிவிடுவார்கள். தெருவுக்கே அது அறிவிப்பு. அயலார் உள்ளே வர மாட்டார்கள். வீட்டில் தாளிப்பு இராது. ஏற்கெனவே அம்மை கண்டு தேறிய ஓர் அத்தையோ ஆச்சியோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார். அவருக்கு அது மறுபடி வராது என்ற பட்டறிவு அது. இறங்கிய பின் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீரோடு பிள்ளை திரும்பவும் தெருவில் விளையாடும். எவரும் அவனை அம்மை கண்டவன் என்று ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுவதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்லி, நோய்க்கே ஒரு மரியாதை கொடுத்துவிட்டதால் நோயாளிக்கு அவமானம் வரவில்லை. ஆத்தாள் வந்த வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்று உயிரை விட்டவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவரை விலக்கி வைப்பதற்குள்ளேயே அவரைத் தாங்கும் ஏற்பாடும், அவர் திரும்பி வரும் நாளும் சேர்ந்திருந்தன. எந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னெச்சரிக்கை ஏட்டையும் நான் இதை வைத்துத்தான் படிப்பேன்.

இந்த மண்ணே இன்னொரு வகை விலக்கலையும் பார்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரைத் தூத்துக்குடி அருகே தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்களில் நாள்கணக்கில் அடைத்து வைத்தார்கள். துணியை ஆவியில் வேகவைத்து, உடம்பைச் சோதித்து, ஊசி குத்தி அனுப்பினார்கள். பிளேக் வராமல் காப்பது நோக்கம். அந்த நோக்கம் பொய்யல்ல. என்றாலும் தோட்ட முதலாளியின் கூலியாளுக்கென்றே கட்டிய முகாம் அது. அங்கே ஒருவனுடைய நாள்களுக்கு அவனிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. 1897-இல் பிளேக்குக்காக வந்த தொற்றுநோய்ச் சட்டமும் பூனாவில் வீடு புகுந்து சோதித்த விதத்தால்தான் கசந்து, ஒரு வெள்ளை அதிகாரி சுடப்படும் அளவுக்குப் போனது. மருத்துவ நியாயம் இருந்தும் மனிதர் வெறுத்த தனிமைகள் இவை.

இன்ஃப்ளூயன்சாவின் பெரிய வருகைகளில் தமிழர்களுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 1918-இல் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய நோய் ரயிலேறி நாடெங்கும் போனது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள்.   1957-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு ஆசியக் காய்ச்சல் மே மாதம் சென்னையில் நுழைந்தது. பன்னிரண்டு வாரத்தில் நாடு முழுதும் பரவி, அடுத்த பிப்ரவரிக்குள் 44 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகள் பதிவானார்கள். இறந்தவர் எண்ணிக்கை 1,098. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அந்தக் கிருமியை ஆராய்ந்தார்கள். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று பெயரெடுத்து வந்தபோது, ஆகஸ்ட்டில் சென்னையில் ஒரு சின்னஞ்சிறுவன் இறந்தான். பள்ளிகள் மூடின. கிண்டி கிங் நிறுவனத்தில் பரிசோதனைக்கு மாதிரிகள் குவிந்தன. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை என்ற பெயரைக் கேட்டாலே பலருக்கு உடல் நடுங்கியது. நோயைவிட அங்கே கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம் பெரிது.

பல்கலைக்கழகங்கள் என்ன செய்யலாம் என்று உலகம் ஓரளவு ஒழுங்காக யோசித்தது அந்த ஆண்டில்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கிய சில நாள்களிலேயே இரண்டாயிரம் பேர் அளவுக்குக் காய்ச்சல் கண்டது. அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் உயர்கல்வி நிறுவனங்களுக்கு எழுதிய வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்தவை சிறிய விஷயங்கள். காய்ச்சல் மாத்திரை போடாமலேயே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகும்வரை மாணவர் அறையில் இருக்கட்டும். அவரிடம் மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள். விலகி இருப்பவரோடு தினமும் தொடர்பில் இருக்க ஒரு வழி வையுங்கள். மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் படுத்தால் மற்றவர் சாப்பாடும் செய்தியும் கொண்டுதரட்டும். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் ஒரு விடுதிக் கட்டடத்தையே காய்ச்சல்காரர்களுக்கென ஒதுக்கி அங்கேயே உணவு அனுப்பியது. மாணவர்கள் அதற்குக் கேலிப் பெயர் வைத்தார்கள் என்று படித்தேன். கேலி உள்ளே இருந்தவர்களே வைத்ததென்றால் நல்ல அறிகுறிதான். வெளியே இருந்தவர்கள் வைத்திருந்தால் கதை வேறு.

நம்மிடம் நடந்ததற்கு வருகிறேன். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் கொரோனா பரவியது. இன்ஃப்ளூயன்சா அல்ல, ஆனால் விடுதி வாழ்வுக்கு இரண்டும் ஒரே பாடத்தைத்தான் சொல்லித்தருகின்றன. பல விடுதிகளிலும் இருந்த சில நூறு மாணவர்களுக்கு ஒரே உணவகம் திறந்திருந்தது. முகக்கவசத்தைக் கழற்றித்தானே உண்ண வேண்டும்? நோய் கண்டவர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பிறகு உணவகத்தை மூடி, அறைக்கே பொட்டலமாகச் சாப்பாடு அனுப்பினார்கள். கொஞ்சம் பேரே இருக்கிறார்கள், ஒரு சமையலறை போதும் என்று யாரோ கணக்குப் பார்த்த சிக்கனம், நோய்க்கு எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்துக் கொடுத்தது. வகுப்பறைகளை அடைத்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்கும் நிர்வாகங்கள் உணவுக் கூடத்தை மறந்துவிடுகின்றன. உட்காரும் நேரத்தை மூன்றாகப் பிரிப்பது, சன்னல்களைத் திறந்து வைப்பது, கரண்டியை ஒருவரே பிடித்துப் பரிமாறுவது, கை கழுவும் இடத்தில் சோப்பு தீராமல் பார்ப்பது எல்லாம் பெரிய செலவு பிடிக்காதவை. சோப்பு தீர்ந்துபோன கை கழுவும் தொட்டிக்கு மேல் கை கழுவுங்கள் என்ற சுவரொட்டி ஒட்டியிருப்பதை நம் கல்லூரிகளில் பார்க்காதவர் உண்டா?

1918-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் பிரின் மார் கல்லூரியும் பெரிய சேதமில்லாமல் தப்பின. நோய் வரும் முன்பே வாசலைக் கட்டுப்படுத்தி, வெளியார் வரவைக் குறைத்தது அதற்கு ஒரு காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். நமக்கு அந்த வழி இல்லை. நம் மாணவர்களில் பெரும்பகுதி விடுதியில் இருப்பவர்கள் அல்லர். காலை செங்கோட்டை பாசஞ்சரிலும் படியில் தொங்கும் டவுன் பஸ்ஸிலும் வந்து மாலை வீடு திரும்புகிறவர்கள். சேரன்மகாதேவியில் ஏறும் ஒரு மாணவியின் வீட்டில் பாட்டி இருப்பாள். மூச்சுக் கோளாறோடு பீடி சுற்றும் அம்மா இருப்பாள். பீடித்தூள் பல ஆண்டுகள் அந்த நெஞ்சில் இறங்கியிருக்கும். அம்மா ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரக் கூலி இல்லை. பல்கலைக்கழகச் சுற்றறிக்கை விடுதி வாசலோடு நின்றுவிட்டால், அந்த மாணவிக்கு அதில் எழுதியதெல்லாம் ஊருக்கு உபதேசம். காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும், வகுப்புக் குறிப்புகள் எப்படி வந்து சேரும், வீட்டில் பாட்டி படுக்கும் இடத்திலிருந்து எத்தனை தூரத்தில் பாயைப் போட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கையில் கொடுப்பது பெரிய காரியமா?

விடுதியில் பத்துப் பேருக்குக் காய்ச்சல் என்றதும் எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிடும் வழக்கத்தை நான் முன்னெச்சரிக்கை என்று ஏற்க மாட்டேன். 1918-இல் பம்பாயிலிருந்து பயந்து ஓடியவர்களோடுதான் நோயும் கிராமங்களுக்குப் போனது. ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கும் நோய் என்று மேலே சொன்னேன். அறையைப் பூட்டி, நாளை காலைக்குள் காலி செய்யுங்கள் என்று சொன்னால், அதுவரை ஒரு வளாகத்துக்குள் இருந்த நோய் மாலைக்குள் அம்பாசமுத்திரம் பஸ்ஸிலும் நாகர்கோவில் பஸ்ஸிலும் ஏறிவிடும். நிர்வாகத்தின் ஏட்டில் நோயாளிகள் பூஜ்யம் ஆவார்கள். பாட்டியின் வீட்டில் கணக்கு எழுத ஆள் இல்லை. வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கனமானது. அதைத் தட்டிக் கழிப்பதற்கு முன்னெச்சரிக்கை என்று பெயர் வைத்துக்கொள்வதைவிட, எங்களால் முடியவில்லை என்று சொல்வது நேர்மை. சொந்த வண்டியில் அழைத்துப் போகக்கூடிய தூரத்தில் வீடு இருந்து, வீட்டில் பலவீனமானவர்கள் இல்லாமல் இருந்தால் போகட்டும். மற்றவர்களை வைத்துக் காப்பது நிறுவனத்தின் கடமை.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்தலானது வருகைப் பதிவேடு. 75 விழுக்காடு வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது, குறைந்தால் அபராதம் கட்டு, சான்றிதழ் கொண்டு வா என்பது நம் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் விதி. சான்றிதழ் வாங்க, 102 டிகிரியோடு ஒரு மாணவன் பஸ் ஏறி, மருத்துவர் வீட்டு வராந்தாவில் முப்பது பேரோடு உட்கார்ந்து இருமிவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் காலையில் ஒரு பாராசிட்டமால் விழுங்கி, காய்ச்சலை நான்கு மணி நேரத்துக்கு அடக்கி, முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவான். வாசலில் வெப்பமானியை நெற்றியில் காட்டும் காவலாளிக்கு அவன் உடம்பு சுத்தமாகத் தெரியும். காய்ச்சலைச் சொன்னவன் தண்டம் கட்டுகிறான், மறைத்தவன் தேர்வு எழுதுகிறான். இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு மாணவர்களிடம் பொறுப்புணர்வு இல்லை என்று மேடையில் பேசுவது எந்த ஊர் நியாயம்? தன் உடம்பைப் பற்றி உண்மை சொல்வது ஓர் ஒழுக்கம். காய்ச்சலோடு கூட்டத்துக்கு வருவது பிறர் வீட்டு முதியவரைப் பணயம் வைப்பது. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உண்மை சொல்ல ஒரு பிள்ளை கொடுக்க வேண்டிய விலையை வைத்திருப்பது அவனல்ல, அவனைவிட அதிகாரம் உள்ளவர்கள். நோய்க்கால விடுப்பை வருகையில் கழிக்காதீர்கள். தவறிய தேர்வுக்கு இன்னொரு நாள் கொடுங்கள். அதன் பிறகும் மறைக்கிறவனைக் கண்டிக்க உங்களுக்கு வாய் உண்டு.

மாணவன் பொய்யாக விடுப்பு எடுத்து ஊர் சுற்றினால்? எடுப்பான், சிலர் எடுக்கத்தான் செய்வார்கள். நாலு பேர் சினிமாவுக்குப் போனால் ஒரு பல்கலைக்கழகம் இடிந்துவிடாது. ஆசிரியர்களும் இதே தராசில்தான். தடுமத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பெடுப்பதைத் தியாகமாக எண்ணும் பேராசிரியர்கள் நம்மிடம் நிறைய. அறுபது பேர் அடைந்த அறையில் முன்னால் நின்று ஒரு மணி நேரம் உரக்கப் பேசுகிறவருக்கு அந்தத் தியாகத்தை வேண்டாம் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

நோயில்லாதவர் செய்ய வேண்டியதைப் பற்றி ஏட்டில் எழுத முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. தாழ்வாரத்தில் அந்த அறைப் பக்கம் போகாதே என்று ஒருவன் இன்னொருவனிடம் சொல்வதில் தவறில்லை. அதைச் சிரித்துக்கொண்டு, அறைக்குள் கிடப்பவன் காதில் விழும்படி சொல்வதில்தான் தவறு இருக்கிறது. வெளிமாநிலத்திலிருந்து வந்தவன், கண்கள் சிறுத்தவன், சேரிப் பக்கத்திலிருந்து வந்தவன் இவர்களில் ஒருவனுக்கு முதலில் காய்ச்சல் வந்தால், அவன்தான் கொண்டுவந்தான் என்ற பேச்சு காய்ச்சலைவிட வேகமாக மாடியேறும். 2020-இல் வடகிழக்கு மாநில மாணவர்கள் பல நகரங்களில் கேட்ட வசவுகளை நாடறியும். ஆகவே யாருக்குக் காய்ச்சல் என்று பெயர் சொல்லி அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல் இருப்பதும், எந்த மாடியில் கவனமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வதும் முன்னெச்சரிக்கையில் சேர்ந்தவைதாம். தனி அறையை எங்கே ஒதுக்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கழிப்பறை உடைந்த பழைய பகுதி, மாடிப்படிக்குக் கீழே சாமான் போட்ட அறை, காற்றில்லாத மூலை என்று ஏற்கெனவே எவரும் விரும்பாத இடத்தைக் கொடுத்தால், சொல்லாமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். நல்ல காற்றும் வெயிலும் உள்ள அறையை, தேவைப்பட்டால் விருந்தினர் மாளிகையை, காய்ச்சல்காரனுக்குத் திறந்துவிடும் துணைவேந்தர் இருந்தால் நான் அவரைக் கும்பிடுவேன்.

தட்டைக் கதவருகே கொண்டுபோய் வைப்பவர் யார் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. சுற்றறிக்கைகளில் அதற்கு இடமே இருப்பதில்லை. சென்னை ஐஐடியில் நோய் கண்டவர்களில் உணவக ஊழியர்களும் இருந்தார்கள். நம் விடுதிகளில் சமைப்பவர், பரிமாறுபவர், நோயாளியின் அறைக் கழிப்பறையைக் கழுவுபவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் பிடித்து அனுப்பிய ஆட்கள். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. மாணவனுக்கு வருகைச் சலுகை கொடுத்துவிட்டு, அடுப்படியில் காய்ச்சலோடு நிற்கும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்காமல் இருந்தால், அவள் கரண்டியைப் பிடித்தே தீர்வாள். பிடித்தால் நாம் காப்பாற்ற நினைத்த அத்தனை பேருக்கும் அது போய்ச் சேரும். மழைக்கு முன்னால் தடுப்பூசி வாங்குவதென்றால் முதல் ஊசி அவர்களுக்கு. இந்தக் கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி அது. அந்தச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். முகக்கவசமும் கையுறையும் கேட்டால் கிடைக்கும் என்பது போதாது, கேட்காமலே கிடைக்க வேண்டும்.

காய்ச்சல் கண்ட சமையல்காரப் பெண் தேறித் திரும்பி வரும் நாளும் ஒன்று உண்டு. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் உண்ண மாட்டார்கள் என்று பெற்றோர் பலர் திரண்டு நின்றார்கள். வழக்கு, போராட்டம் என்று போன பிறகுதான் அவருக்கு அவருடைய அடுப்பு கிடைத்தது. இது எந்தக் காய்ச்சலும் இல்லாத காலத்தில் நடந்தது. காய்ச்சல் ஒரு சாக்கைக் கையில் கொடுத்தால் எத்தனை பேர் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டு ஒரு நாள் கழிந்து, மருத்துவர் போகலாம் என்று சொன்ன பிறகும், அந்த அம்மா பரிமாறினால் வேண்டாம் என்று ஒரு மேசை எழுந்து போனால், விடுதிக் காப்பாளர் அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்து, எதற்காக வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். நோய்க்குப் பயம் என்றால் மருத்துவரை அழைத்து வந்து அங்கேயே விளக்கச் சொல்லலாம். மருத்துவர் விளக்கி முடித்த பிறகும் எழுந்து போகிறவர்களுக்கு அந்த விடுதியில் வேறு சாப்பாடு கொடுக்கக் கூடாது.